ஒரே ஜீப்பில் வந்த இரண்டு கந்தோர்கள்

அரசாங்கம் எங்களுக்கு வீடு கட்டித் தந்தபோது நான் முதலில் செய்த வேலை சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். சத்தம் நல்லாகத்தான் வந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், கதவை இரண்டு மூன்று தரம் திறந்து பூட்டினேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "மாப்பிளை பாக்க வந்த ஆக்கள் மாதிரி நிக்கிறாய்" என்றார்.

"சும்மா தாறாங்கள் எண்டால் எங்கையோ ஒரு ஓட்டை இருக்கும். அதைத்தான் தேடுறன்" என்றேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கிளிநொச்சிப் பக்கம், பெரிய குளத்தின் வாய்க்கால் வந்து முடிகிற இடத்தில், காடு வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டம். நாங்கள் கொலனி என்போம். நாங்கள் விட்டுவந்த வடமராட்சியில் எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு பங்குக் கிணறும், அதில் யார் முதலில் இறைப்பது என்ற சண்டையும்தான். இங்கே வயல், மேட்டுக்காணி, வீடு, போதாக்குறைக்கு ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, ஒரு கோடரி. எல்லாம் அரசாங்கத்தின் செலவு. அந்தக் கோடரியை நான் பாவிக்க விடவில்லை. திருப்பிக் கேட்பார்கள், கேட்கும்போது தேய்ந்திருந்தால் குற்றம் பிடிப்பார்கள் என்று நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்து வளவில் கோடரி இரவல் வாங்கி விறகு கொத்தினார். இரவல் தந்த கோடரியும் அரசாங்கம் கொடுத்ததுதான்.

பிறகுதான் காணிக் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்து நிபந்தனைகளைப் படித்துச் சொன்னார். காணியை விற்கக் கூடாது. குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது. பெயருக்குரியவரே செய்ய வேண்டும். செய்யாமல் தரிசாக விட்டால் பறித்து இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். மற்றவர்கள் முகம் சுருங்கிக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். எனக்கு என்றால் நிம்மதியாக இருந்தது. நான் தேடிய ஓட்டை அகப்பட்டுவிட்டது. அன்றைக்குத்தான் கோடரியை வெளியே எடுத்தேன்.

அந்த நாட்களில் எல்லாப் பக்கத்தாலும் ஏதாவது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கூப்பனுக்கு அரிசி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பால், ஆசுப்பத்திரியில் மருந்து. மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்கிறவர்கள் முதுகில் தகர டாங்கியோடு வீடு வீடாக வருவார்கள். நான் அவர்களைக் குசினிக்குள் விட்டதில்லை. கொடுக்கிறவன் யார் என்று தெரிந்தால் அவன் என்ன கேட்பான் என்றும் தெரிந்துவிடும். முகம் தெரியாமல் ஒருவன் கொடுத்தால் எனக்குப் பயம்தான் வரும். பிறந்த குணம், என்ன செய்ய.

எங்கள் வளவுக்கு மேற்கே இருந்தவரை நான் அண்ணை என்பேன். அவருடைய மனைவியை அக்கா என்பேன். தென்மராட்சியில் இருந்து வந்தவர்கள். ஒரே ஒரு மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அண்ணை நல்ல வேலைகாரர், வாய் ஓயாமல் கதைக்கிறவர். வரம்பு வெட்டிக்கொண்டே அடுத்த வரம்பில் நிற்கிறவரோடு பகிடி விட்டுக் கொண்டிருப்பார். இரண்டு போகம் அவர் செய்த வெள்ளாண்மையைப் பார்க்கிறதற்கென்றே ஆட்கள் வந்து போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

மூன்றாவது போகத்துக்கு முன்னால், வேலியோரம் நின்ற முதிரை மரம் ஒன்றைத் தறித்தார். அது சரிய வேண்டிய பக்கம் சரியாமல் அவர் நின்ற பக்கம் சரிந்து இடுப்பில் விழுந்தது. உழவு மிசின் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில் கிடத்திக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஒரு சதம் கேட்காமல் பார்த்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மாதக் கணக்காக வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். உயிர் இருந்தது, வாயும் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

அவர் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது மாரி மழைப் போகமான காலபோகத்தைக் கொலனிதான் செய்து கொடுத்தது. எங்களிடம் கைமாத்து வேலை என்று ஒரு முறை இருந்தது. இன்றைக்கு நீ என் வயலுக்கு வந்து நின்றால், நாளைக்கு நான் உன் வயலுக்கு வந்து நிற்பேன். கூலி இல்லை, மத்தியானச் சாப்பாடு மட்டும். அந்த முறையில் எல்லோரும் வந்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சோறு போட்டா. அந்த வருசம் வெள்ளாண்மை வீடு வந்து சேர்ந்தது. கொலனிக்கே தலை நிமிர்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த போகம் வந்தவர்கள் குறைவு. அதற்கடுத்த போகம் இன்னும் குறைவு. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவருக்கு மாடு சுகமில்லை, ஒருவருக்கு ஊரில் செத்த வீடு, ஒருவருக்குத் தன் வயலிலேயே தண்ணீர் வற்றுகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குக் காரணம் தெரியும். கைமாத்து என்றால் திரும்பி வர வேண்டும். அண்ணை யாருடைய வயலுக்குத் திரும்பிப் போகப் போகிறார்? அக்கா போனா. களை பிடுங்கினா, கதிர் பொறுக்கினா. ஒரு ஆம்பிளை உழுது கொடுத்ததை ஒரு பொம்பிளை களை பிடுங்கித் தீர்க்க முடியாது என்று கொலனியில் வாயால் சொல்லாமலே ஒரு கணக்கு இருந்தது. நல்ல சனங்கள்தான், நானும் அவர்களில் ஒருத்திதான். ஆனால் நல்லதனத்துக்கு ஒரு தவணை இருக்கிறது என்று அப்போது கண்டேன். அதைக் கண்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயலில் பாதி தரிசாகக் கிடந்தது. நிபந்தனை எல்லோருக்கும் நினைவிருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி கொலனிக்கு வந்தான். சமூகசேவைக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்தவன். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன் என்றார்கள். பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் சனத்தைக் கூட்டிப் பேசினான். வெள்ளைச் சப்பாத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பேசியது எனக்குப் பிடித்தது. மற்றபடி அவன் சொன்ன ஒன்றும் பிடிக்கவில்லை.

அங்கே ஒருவர் சுகமில்லாமல் படுத்தால் வீட்டுக்குக் காசு வருமாம். வேலை போனால் வருமாம். பிள்ளை பிறந்தால் வருமாம். வயது போனால் சாகுமட்டும் வருமாம். அண்ணன் தம்பி வாசலில் போய் நிற்கத் தேவையில்லையாம். இந்த நாட்டிலும் ஒரு நாள் அப்படி வரும், இப்போதே சின்னதாகத் தொடங்கியிருக்கிறோம் என்றான்.

உழவு மிசின் வைத்திருந்தவர் எழுந்தார். எங்கள் கொலனியில் வசதியானவர் அவர்தான். "ஆர் தம்பி அந்தக் காசைக் குடுக்கிறது?"

"எல்லாரும் சேர்ந்து குடுக்கிறது. வேலை செய்யிற காலத்திலை ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து வைப்பினம்."

"ஆரிட்டைக் குடுத்து வைப்பினம்?"

"அரசாங்கத்திட்டை."

மண்டபம் சிரித்தது. மிசின்காரர் சிரிப்பு அடங்கும் வரை நின்று, "இஞ்சை உப்பிடிச் செய்தால் ஒருத்தனும் வயலுக்குப் போகான், எல்லாரும் இடுப்பு நோ எண்டு படுத்திருவாங்கள்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனம் சோம்பேறியாகிவிடும் என்று கவலைப்படுகிறவர்களை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குக் கூலியாள் கிடைக்காமல் போய்விடும் என்கிற கவலைதான் அதற்குள் இருக்கும். அந்தத் தம்பியை நம்பாதது போலவே இவரையும் நான் நம்பவில்லை.

நான் எழுந்து, "தம்பி, அங்கை அந்தக் காசுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

அவன் இங்கிலீசில் ஏதோ சொல்லி, பிறகு, "காப்புறுதி எண்டு சொல்லலாம், அக்கா. அவையவையின்ரை உரிமை" என்றான்.

"இஞ்சை அதுக்கு என்ன பேர்?"

அவன் வாய் திறக்க முன்னம் பின்வரிசை வாங்கில் இருந்து யாரோ, "பிச்சைச் சம்பளம்" என்றார்கள்.

அதுதான் பெயர். வைத்தது அரசாங்கமா சனமா தெரியாது. தபால் கந்தோரில் மாதா மாதம் உடம்புக்கு ஏலாதவர்களுக்கும் வயது போனவர்களுக்கும் கொடுக்கிற அந்தச் சொற்பக் காசை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தபால்காரரே, "பிச்சைச் சம்பளக்காரர் இஞ்சாலை வாங்கோ" என்று சத்தமாகக் கூப்பிடுவார். அவர் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை, வேறு சொல் அவரிடம் இல்லை. தம்பி முகம் சிவந்து, "கந்தோரிலை அதுக்குப் பொது உதவி எண்டுதான் பேர்" என்றான். கந்தோரில் என்ன பெயராக இருந்தால் எங்களுக்கென்ன? நாங்கள் கந்தோரிலா குடியிருக்கிறோம்?

ஆனால் அக்கா அன்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக் கொண்டிருந்தா. அடுத்த கிழமை அண்ணைக்குச் சொல்லாமல் ஊர் அதிகாரியான விதானையாரிடம் போய், பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தா. சேதி தெரிந்ததும் அண்ணை அந்த வீடே அதிரக் கத்தினார். என் குசினிவரை கேட்டது.

"நான் என்ன கோயில் வாசல்லை தட்டு வைச்சனானே? என்ரை பேருக்குப் பிச்சை எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்!"

அக்கா திருப்பிக் கத்தவில்லை. "பிள்ளைக்குச் சட்டை இல்லை" என்று மட்டும் சொன்னா.

அன்று மாலை நான் அங்கே போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக் கொண்டிருந்தா. என் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "அக்கா, பேரை விடுங்கோ. பேராலை ஒருத்தரும் சாகிறேல்லை. ஆனா அண்ணையாலை ஏலாது எண்டு ஒரு கந்தோரிலை எழுதினால்தானே அந்தக் காசு. ஏலாது எண்டு எழுதின மனிசன்ரை காணியை மற்றக் கந்தோர் ஏன் விட்டு வைக்கப் போகுது?"

"அது வேறை கந்தோர் பிள்ளை. அந்தத் தம்பி சொன்னவன். ஒண்டுக்கும் ஒண்டுக்கும் சம்பந்தமில்லையாம்."

"வேறை கந்தோர்தான். ஒரே ஜீப்பிலைதானே ரெண்டு பேரும் வாறவை."

அக்காவின் கை சுளகோடு நின்றது. எங்கள் பக்கம் வருவதற்கு ஒரு ஜீப்தான் ஓடியது. வாகனம் மிச்சம் பிடிக்க யாராவது ஒருவர் வரும்போது மற்றவர்களும் தொற்றிக்கொண்டு வருவார்கள். நான் சொன்னபடியே நடந்தது. சமூகசேவைத் தம்பி விசாரணைக்கு வருகிறார் என்று விதானையார் ஆள் அனுப்பிச் சொன்னார். அதே நாளில் காணிக் கந்தோர் ஐயாவும் தரிசு வயல்களைப் பார்க்க வருகிறாராம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு முன்னால் அண்ணை நல்லாக வயல் செய்கிற மனிதனாக இருக்க வேண்டும். மற்றவருக்கு முன்னால் ஒன்றும் ஏலாத மனிதனாக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வாசலால் வந்து ஒரே நேரம் இறங்கப் போகிறார்கள். அக்கா ஒரு திட்டம் போட்டா. காணிக் கந்தோர் ஐயாவை முன்பக்கம் இருத்தி அண்ணையோடு கதைக்க விடுவது, தம்பியைப் பின்பக்கம் குசினி வாசலுக்குக் கூட்டிப்போய்த் தான் கதைப்பது. முன்னுக்கு ஏலும், பின்னுக்கு ஏலாது. இதைச் சொல்லும்போது அக்காவே சிரித்தா, பிறகு அழுதா.

அந்தத் திட்டம் பிழையாய்ப் போனது எங்கே தெரியுமா? கதிரையில்.

வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. முதல் நாளே வளவு முழுக்கக் கூட்டி, சாணம் தெளித்து, சுவருக்கு வெள்ளை அடித்தா. வருகிறவர்கள் இருக்க என் வீட்டில் இருந்து இரண்டு கதிரை போனது. மிசின்காரர் வீட்டில் இருந்து ஒரு மேசையும் பூப்போட்ட துணியும் வந்தன. பொன் கரை வைத்த கோப்பைகள் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுடையவை. டவுனில் இருந்து சோடா வந்து தண்ணீர்ப் பானைக்குள் குளிர்ந்து கொண்டிருந்தது.

"அக்கா, வாறவங்கள் இல்லாமையைப் பாக்க வாறாங்கள். பொம்பிளை பாக்க வரேல்லை" என்றேன்.

"அதுக்காக வீட்டைக் குப்பையா வைச்சிருக்கலாமே? வெளியாக்கள் வந்து பாத்திட்டு என்ன நினைப்பினம்?"

எனக்கும் அதே குணம்தான். ஏனென்றால் நானும் கதிரையைக் கொடுத்தபோது அதன் முதுகுக்கு நான் தைத்த பூத்துணியையும் போட்டுத்தான் கொடுத்தேன். அந்தத் தம்பி இங்கிலாந்தில் என்ன படித்தானோ தெரியாது. இல்லாதவர் தன் இல்லாமையை வாசலில் விரித்து வைத்துக்கொண்டு இருப்பார், அதிகாரி வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போவார் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது வராது. கடன் வாங்கியாவது மறைப்போம்.

விடிந்ததும் அண்ணை தானாகவே ஒரு யோசனை சொன்னார். என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். வரம்பில் இருத்தி, இரண்டு காலையும் முழங்கால்வரை சேற்றுக்குள் விட்டு எடுத்தார்கள். இப்போதுதான் வயலால் வந்தவர் போல இருக்க வேண்டுமாம். பிறகு முன் விறாந்தையில் கொண்டுவந்து இருத்தி, ஒரு மண்வெட்டியைப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். மேலே வெள்ளைச் சால்வை, கீழே சேற்றுக் கால். மகள் பக்கத்தில் நின்று அப்பாவின் காலையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

ஜீப் வந்தது. காணிக் கந்தோர் ஐயா முதலில் இறங்கினார். தடித்த ஆள், வெற்றிலை வாய், யாரோடும் சிரிக்காதவர். அவருடைய குடையைக் கண்டாலே கொலனியில் ஆட்கள் மண்வெட்டியைத் தேடுவார்கள். பின்னால் தம்பி. அக்கா தம்பியைப் பின்பக்கம் கூப்பிடப் பார்த்தா. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் பூத்துணி போட்ட இரண்டு கதிரை சோடியாக இருந்தன. இரண்டு பேரும் சோடியாகவே இருந்துவிட்டார்கள். சோடா வந்தது.

தம்பிதான் தொடங்கினான். நல்ல பிள்ளை, மெதுவாகவே கேட்டான். "அண்ணை, வீட்டுப்பாடு எப்பிடி? சாப்பாட்டுக்குக் கஷ்டமோ?"

அண்ணை நிமிர்ந்து இருந்து, சிரித்து, "சீச்சீ. கடவுளே எண்டு ஒரு குறையும் இல்லை" என்றார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றா. இதைத் திட்டமிட்டுச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. யார் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் எங்கள் வாயில் வருகிற பதில் அது. வீட்டில் அரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தாலும், விருந்தாளி சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது வேறு பதில் வராது.

தம்பி சுற்றிப் பார்த்தான். வெள்ளைச் சுவர், மேசைத் துணி, பொன் கரைக் கோப்பை. குழம்பிப் போனான். "வயல் வேலை?"

"நான்தான் செய்யிறன். இப்பதான் வந்து ஏறினனான்."

அதைச் சொல்லும்போது அண்ணை தன் காலைக் காட்டினார். எல்லோரும் காலைப் பார்த்தோம். இடது கணுக்காலுக்கு மேலே, சேறு காய்ந்து வெடித்த இடத்தில், ஒரு அட்டை ஒட்டியிருந்தது. விரல் மொத்தத்துக்கு இரத்தம் குடித்து ஊதிப் போயிருந்தது. உணர்ச்சி உள்ள எவனும் அதை எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பான். அண்ணை சிரித்த முகத்தோடு இருந்தார்.

தம்பிக்குத் தெரியவில்லை, அவன் டவுனில் வளர்ந்தவன். காணிக் கந்தோர் ஐயாவுக்குத் தெரிந்தது. அவர் காலைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். போச்சுது காணி என்று நினைத்தேன்.

அவர் சோடாவை முழுக்கக் குடித்து, போத்தலை மேசையில் வைத்து, "ஓம். செய்யிறார்தான்" என்றார். எழுந்தார்.

விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரர் எழுந்து வாசல்வரை வர வேண்டும். எங்கள் சனத்தில் அதைச் செய்யாதவன் மனிதனே இல்லை. அண்ணையின் இரண்டு கையும் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தன. தோள் உயர்ந்தது. மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். அப்போது காணிக் கந்தோர் ஐயா குடையை எடுத்துக்கொண்டே, அவசரம் இல்லாமல், "எழும்பாதேங்கோ. இருங்கோ" என்றார். அவ்வளவுதான். தம்பியையும் தோளில் தொட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் போன பிறகு அக்கா சுண்ணாம்பு கொண்டுவந்து அட்டையைக் கழற்றினா. இரத்தம் நிற்காமல் ஓடியது. ஐயா எதைக் கண்டார் என்று அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. சால்வையை எடுத்துக் காலை மூடிக்கொண்டார்.

காணி தப்பியது. பிச்சைச் சம்பளம் கிடைக்கவில்லை. வசதியான குடும்பம், வேலை செய்யக் கூடியவர் என்று தம்பி எழுதியிருந்தானாம். அவன் மேல் எனக்குக் கோபமில்லை என்றால் பொய். நல்ல கோபம். காட்டியதைப் பார்த்து எழுதினான், காட்டாததைப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தரிசுக் கிடந்த பாதியை மிசின்காரர் இரகசியக் குத்தகைக்கு எடுத்து, விளைச்சலில் பெரும் பகுதியைத் தானே கொண்டு போனார். சனம் படுத்துவிடும் என்று கவலைப்பட்ட அதே மனிதர்தான். படுத்துக் கிடந்த மனிதனின் வயலில் அவர் நல்லாகச் சம்பாதித்தார். அண்ணை சில வருசம் இருந்து செத்தார். காணி அக்காவின் பெயருக்கு வந்தது. அதில்தான் மகள் வளர்ந்தாள், படித்தாள்.

காணிக் கந்தோர் ஐயாவை நான் விடவில்லை, அதாவது மனதால். கண்டும் காணாதது போல் போனவர் சும்மா போயிருக்க மாட்டார். ஒரு நாள் வந்து இரண்டு மூட்டை நெல் கேட்பார், அல்லது சேவல் கேட்பார், இல்லாவிட்டால் தன் ஆட்களுக்கு அந்தக் காணியில் பங்கு கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குடையோடு யார் வந்தாலும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவர் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். அப்போதும் நான், அங்கே இருந்து ஆள் அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். அருவருப்பில் எழுந்து போனாரா, வெயிலுக்கு முன் அடுத்த வயலுக்குப் போக வேண்டிய அவசரமா, அல்லது தரிசு என்று எழுதினால் பிறகு வருகிற விசாரணைக்கு அலைய வேண்டும் என்ற அலுப்பா? இத்தனை வருசமாக ஒவ்வொரு காரணமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாதபடியால் இன்னும் சந்தேகப்பட்டேன்.

அந்த மகள் இப்போது ஜேர்மனியில் இருக்கிறாள். அவளுக்கே வயது போய்விட்டது. ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தவள், படியில் விழுந்து முள்ளந்தண்டு பழுதாகி வேலையை விட்டுவிட்டாள். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துக் கதைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மாமி, எனக்குச் சோசல் காசுக்கு எழுதியிருக்கினம். ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ" என்றாள்.

பெயர் மாறியிருக்கிறது, குரல் அதே குரல்தான். அங்கே அந்தத் தம்பி சொன்ன எல்லாமே இருக்கிறதாம். உரிமையாம். சட்டமாம். ஆனால் பார்க்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்திருக்கிறாள், வெள்ளைக்காரப் பெட்டை.

"என்ன கேட்டவள்?"

"எப்பிடி இருக்கிறியள், வீட்டு வேலையள் செய்ய ஏலுமோ எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

அவள் முதலில் ஊரில் மழையோ என்று கேட்டாள். பிறகு, "ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லிப் போட்டன், மாமி. வாய் தவறி வந்திட்டுது. முதல் நாளே வீடெல்லாம் துடைச்சு வைச்சனான். அவள் வந்தோடனை எழும்பிக் கதிரை குடுத்து, குசினிக்குப் போய்த் தேத்தண்ணியும் போட்டுக் கொண்டந்து குடுத்தன். முதுகு வெட்டிப் பிளந்த மாதிரி இருந்தது. அவள் தேத்தண்ணி நல்லா இருக்கு எண்டாள். திரும்ப ஒருக்கா வருவாளாம்."

எனக்கு அந்த விறாந்தை முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. வெள்ளைச் சுவர், சோடாப் போத்தல், கதிரைப் பிடியை இறுக்கிய இரண்டு கை. அவளும் அங்கே நின்றவள்தான்.

"அடுத்த முறை வந்தால் எழும்பாதை பிள்ளை" என்றேன். "இருந்தபடி கதை. எழும்பாதை."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்கே கேட்டது. எங்கோ கிடக்கிற அந்தப் பிள்ளையிடம் நான் என்ன எதிர்பார்க்கப் போகிறேன்? ஒன்றுமில்லை. எழுந்தால் நோகும் என்று தெரியும், அதனால் சொன்னேன், வேறு ஒரு எண்ணமும் என்னிடம் இருக்கவில்லை. தொலைபேசியை வைத்தேன். குடை பிடித்த அந்த மனிதரிடமும் வேறு ஒன்றும் இருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினேன்.